மேசைச் சோதனையில் பாக்கெட் இழப்பு

கேள்வி: கூரையில் ஏற்றுவதற்கு முன், 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற வயர்லெஸ் கருவிகள் இரண்டை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் மேசைமேல் வைத்துச் சோதித்தேன். சிக்னல் வலிமை மைனஸ் 18 டிபிஎம் (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) காட்டியும், இணைப்பைச் சோதிக்க அனுப்பும் சிறு தரவுப் பாக்கெட்டுகளான பிங்குகளில் 100க்கு 15 தொலைகின்றன. கருவி பழுதா?

பதில் 1: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு, சிக்னல் மிகுதியே காரணமாகத் தெரிகிறது. தொலைதூரத்துக்கென வடிவமைத்த ஆன்டெனாக்கள் இவ்வளவு அருகில் நேருக்கு நேர் நின்றால் ரிசீவர் திணறி, வரும் தரவு சிதைந்துவிடும். அனுப்பும் திறனை இயன்ற அளவு குறைத்து, ஆன்டெனாக்களைப் பக்கவாட்டில் திருப்பி, சிக்னலை மைனஸ் 50க்கும் மைனஸ் 60க்கும் இடையே கொண்டுவாருங்கள்.

பதில் 2: கேபிளையும் பாருங்கள். கணினியிலிருந்து அருகிலுள்ள கருவிக்கு மட்டும் பிங் செய்யும்போதே இழப்பிருந்தால், ரேடியோவைக் குறைசொல்லிப் பயனில்லை. சரியாகக் கிரிம்ப் செய்யாத (அழுத்திப் பொருத்தாத) ஒரு ஆர்ஜே45 கேபிள் முனை எனக்கு அரை நாளை விழுங்கியது.

கேட்டவர்: கேபிளில் குறையில்லை. திறனைக் குறைத்ததும் சிக்னல் மைனஸ் 52 ஆனது. 1000 பிங்குகளில் ஒன்றும் தொலையவில்லை. நன்றி.