அச்சே டெட்டனஸ்: இந்தோனேசிய மொழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். பொது சுகாதார முதுகலைக்கான ஆய்வேட்டில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் பரவிய டெட்டனஸ்தான் தலைப்பு. ஒரு மாதத்துக்குள் 106 பேருக்கு வந்தது, 20 பேர் இறந்தார்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோயில்லை. சேற்றில் கிடந்த தகரமும் ஆணியும் காலைக் கிழித்தபோது உள்ளே போன கிருமி. அலையில் தப்பியவருக்கு ஒரு வாரம் கழித்து வாய் திறக்க முடியாமல் போயிருக்கிறது. காயத்தை அன்றே கழுவி ஊசி போட ஆளில்லை. பண்டா அச்சேயின் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே சேறு நிரம்பிக் கிடந்தது.

என் சிக்கல் மொழிதான். பழைய கேஸ் ஷீட் மாதிரிகள் சில கிடைத்தன, பெயர்களை மறைத்துத்தான் கொடுத்தார்கள். ‘லூக்கா துசுக்’ என்றால் குத்துக்காயம் என்று அகராதி சொல்லிவிட்டது. ‘கே.எல்.எல்.’ சாலை விபத்து என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது! டாக்டர் கையெழுத்து எந்த நாட்டிலும் ஒரே லட்சணம்தான் போல.

பஹாசா (இந்தோனேசிய மொழி) படிக்கத் தெரிந்தவர்கள், மலேசிய நண்பர்கள் என்றாலும் சரி, பத்துப் பக்கம் பார்த்துத் தர முடியுமா? 2005 தொடக்கத்தில் அங்கே மருத்துவக் குழுவில் போனவர்கள் இருந்தால் அரை மணி நேரம் பேச வேண்டும். இன்பாக்ஸில் சொல்லுங்கள், மாதக் கடைசிக்குள் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.