பிரஷர் மருந்து: எண் இறங்கினால் போதுமா, ரத்தக் குழாயும் தேற வேண்டுமா?

செம்பனைத் தம்பி, சுங்கை சிப்புட்:
அம்மா பல வருஷமாக அட்டெனலோல் சாப்பிட்டார். இப்போது கிளினிக்கில் பெரிண்டோபிரிலுக்கு மாற்றிவிட்டார்கள். "இது ரத்தக் குழாயின் உட்சுவருக்கும் நல்லது" என்றார் டாக்டர். பிரஷர் முன்பும் 130, இப்போதும் 130. அப்புறம் எதற்கு மாற்றணும்? வறட்டு இருமல் வேறு, ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

பழைய கிராணி:
தம்பி, எண் இறங்கினால் சரி. எந்த மாத்திரை இறக்கியது என்பது கம்பெனிக்காரன் கவலை. 2002இல் வெளிவந்த ஆல்ஹாட் ஆய்வில் 33,000 பேருக்கு மேல் இருந்தார்கள். குளோர்தாலிடோன் என்ற மலிவான நீர் மாத்திரை, அம்லோடிபின், அம்மாவின் பெரிண்டோபிரில் வகையைச் சேர்ந்த லிசினோபிரில் மூன்றையும் மோதவிட்டார்கள். மாரடைப்புக் கணக்கில் மூன்றும் ஒன்றுதான். உட்சுவர் எல்லாம் விற்பனைப் பேச்சு.

மருந்துக்கடை அக்கா:
விற்பனைப் பேச்சுக்கு நோபல் பரிசு கொடுக்க மாட்டார்கள், கிராணி ஐயா. குழாயின் உள்ளே ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. அது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். 1980இல் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் தமனித் துண்டை வைத்து இதைக் காட்டினார். படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால், அசிட்டைல்கோலின் என்ற தளர்த்தும் பொருளை ஊற்றினாலும் தமனி தளரவில்லை. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

பெரிண்டோபிரில், நம் உடலில் உண்டாகும் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதையாமல் காக்கிறது. அந்தப் பொருள் படலத்தை உசுப்பி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கும். தம்பி, அம்மாவின் இருமலுக்கும் அதன் மேல்தான் சந்தேகம். அட்டெனலோல் இதயத் துடிப்பை அடக்குமே தவிர, படலத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

ஆல்ஹாட் வந்த அதே 2002இல் லைஃப் ஆய்வும் வந்தது, ஐயா. லோசார்ட்டான் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் அட்டெனலோலும் பிரஷரை ஏறக்குறைய ஒரே அளவு இறக்கின. ஆனால் பக்கவாதம் லோசார்ட்டான் பக்கம் கால்வாசி குறைவு. எண்தான் எல்லாம் என்றால் இது எப்படி?

பழைய கிராணி:
அது லோசார்ட்டானின் பெருமையா, அட்டெனலோலின் குறையா? 2006இல் வந்த கஃபே ஆய்வையும் பாருங்கள். கையில் பட்டை சுற்றி அளந்தால் அட்டெனலோல்காரர்களுக்கும் அம்லோடிபின்காரர்களுக்கும் ஒரே அளவுதான். இதயத்தை ஒட்டிய பெருந்தமனிக்குக் கணக்குப் போட்டால் அட்டெனலோல் பக்கம் அழுத்தம் கூடுதல். ஆக இதுவும் எண் கதைதான், அளக்கிற இடம்தான் வேறு. படலம் தேறியதால்தான் பக்கவாதம் குறைந்தது என்று யார் காட்டினார்கள்?

மருந்துக்கடை அக்கா:
அப்படி நான் சொல்லவே இல்லையே. படலம் தேறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2000இல் ஷிஃப்ரின் குழுவினர், நோயாளிகளின் புட்டத்திலிருந்து சிறு தமனிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு வருஷம் லோசார்ட்டான் சாப்பிட்டவர்களின் தமனிகள் மறுபடி நன்றாகத் தளர்ந்தன. அட்டெனலோல் சாப்பிட்டவர்களுக்கு அப்படி மாறவில்லை, பிரஷர் இறங்கியும்கூட.

செம்பனைத் தம்பி:
சரி அக்கா, இருமலுக்கு என்ன வழி?

மருந்துக்கடை அக்கா:
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் இருமலைச் சொல்லி லோசார்ட்டான் தரலாமா என்று கேளுங்கள். அது பிராடிகைனின் சிதைவதைத் தடுப்பதில்லை, இருமலும் அபூர்வம்.

பழைய கிராணி:
நீர் மாத்திரையையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார், தம்பி.