எலும்பு அடர்த்தி குறைவு: உப்பைக் குறைக்கச் சொல்வது எதற்கு?

நிலாமுற்றம்:
58 வயதுப் பெண், எடை 60 கிலோ, மாதவிடாய் நின்று 8 வருடம். டெக்ஸா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) இடுப்பு டி-ஸ்கோர், அதாவது இளவயதுச் சராசரியோடு ஒப்பிட்ட அளவு, −2.1. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்த கையோடு, "உப்பை 5 கிராமுக்குள் கொண்டு வாருங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிரஷருக்கு உப்பு ஆகாது, தெரியும். எலும்புக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? குறைத்தால் எவ்வளவு கால்சியம் மிச்சமாகும்? இந்துப்புக்கு மாறினால் போதாதா?

வடிகட்டி:
சம்பந்தம் சிறுநீரகத்தில் இருக்கிறது. நுண்குழாய்களில் வடிந்து இறங்கும் கால்சியத்தின் பெரும்பங்கு, சோடியத்தையும் தண்ணீரையும் தொற்றிக்கொண்டுதான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. உப்பு அதிகமானால் உடம்பு சோடியத்தை மீட்பதைக் குறைத்துக்கொள்ளும். தொற்றிக்கொண்டு வந்த கால்சியமும் அதோடு சிறுநீரில் போய்விடும்.

தோராயக் கணக்கு: 100 மில்லிமோல் சோடியம் (2,300 மி.கி., உப்பாகச் சொன்னால் 6 கிராமுக்குச் சற்றுக் கீழே) கூடுதலாக வெளியேறினால், சுமார் 40 மி.கி. கால்சியம் கூடவே போகும். ஆளுக்கு ஆள் இது மாறும்.

40 மி.கி. சொற்பம் என்று நினைத்துவிடக் கூடாது. சாப்பிடும் கால்சியத்தில் 25 முதல் 30 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. ஆக, போன 40-ஐ ஈடுகட்ட 150 மி.கி. அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். ஈடுகட்டவே இல்லை, முழுக்க எலும்பிலிருந்தே எடுக்கிறது என்று வைத்தால் வருடத்துக்கு 14 கிராமுக்கு மேல். எலும்புக்கூடு முழுவதிலும் இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம்.

அந்த அளவுக்கு மோசமாவதில்லை. ரத்தத்தில் கால்சியம் இம்மி குறைந்தாலே பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். அது வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற வைக்கும், குடல் கூடுதலாக உறிஞ்சும். இளவயதில் இது நன்றாக நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் குடல் அவ்வளவு ஈடுகொடுப்பதில்லை, எலும்போ சுலபமாக விட்டுக்கொடுக்கும். பிரஷர் இல்லாதவருக்கும் உப்பைக் குறைக்கச் சொன்னது இதனால்தான்.

இந்துப்பு, கடலுப்பு, தூளுப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் அதுவும் போச்சு.

எதிர்வாதி:
வடிகட்டி சொன்ன வழிமுறை சரி, ஆனால் உப்பை முதல் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். 1995-ல் ஆஸ்திரேலியாவில், மாதவிடாய் நின்ற பெண்களை 2 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளியானது. சிறுநீரில் சோடியம் அதிகம் போனவர்களுக்கு இடுப்பெலும்பு கூடுதலாகக் குறைந்தது உண்மை. அதே ஆய்வில், கால்சியம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு அந்த இழப்பு மட்டுப்பட்டதும் உண்மை. 2002-ல் வந்த இன்னொரு சோதனையில், உப்பு அதிகமுள்ள உணவோடு பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்தபோது சிறுநீர்க் கால்சியம் ஏறவில்லை. பொட்டாசியம் உள்ள காய், பழம் நிறையச் சாப்பிடுங்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்பைக் குறைத்து எலும்பு முறிவு குறைந்தது என்று நிரூபித்த நீண்ட சோதனை கிடையாது. முதலில் உணவும் மாத்திரையும் சேர்த்து கால்சியம் 1,200 மி.கி., பிறகு வைட்டமின் டி, புரதம், எடை தாங்கும் உடற்பயிற்சி, விழாமல் பார்த்துக்கொள்வது. உப்பு இவற்றுக்குப் பின்னால்தான். கால்சியம் 500-லும் உப்பு 11 கிராமிலும் இருப்பவருக்கு மட்டும் உப்பு முன்வரிசைக்கு வந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போன முதியவர்களிடம் விழுவதும் எலும்பு முறிவும் அதிகம் காணப்படுகின்றன. ரத்தச் சோடியத்தை இறக்கக்கூடிய தயாசைடு வகை நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரை) சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் உப்பே இல்லாத சாப்பாட்டுக்குப் போகக் கூடாது.

தராசு:
5 கிராம் என்றால் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூளுப்பு, அதுவும் நாள் முழுவதற்கும். கல்லுப்பு அதே டீஸ்பூனில் எடை குறைவாக நிற்கும், ஆகவே கரண்டியை நம்பாமல் எடை போடுங்கள். ஜாடியில் 300 கிராம் போட்டு, 10 நாள் கழித்து மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். செலவானதை ஆள் எண்ணிக்கையாலும் 10-ஆலும் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும். 4 பேருக்கு 300 கிராமும் தீர்ந்திருந்தால் ஆளுக்கு 7.5 கிராம். காய் வேகவைத்துக் கொட்டிய தண்ணீரோடு போன உப்பைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

ஜாடிக் கணக்கில் வராதது பாக்கெட் உப்பு. லேபிளில் "சோடியம்" என்று இருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பு வந்துவிடும். 100 கிராமுக்கு 600 மி.கி. சோடியத்தைத் தாண்டினால் அது உப்பு அதிகமான பண்டம். ரொட்டி வாயில் உப்புக் கரிக்காது, ஆனால் தினமும் நாலு துண்டு என்றால் கணிசமாக ஏறிவிடும். பாலாடைக்கட்டியில் கால்சியமும் உண்டு, உப்பும் உண்டு. பால், தயிருக்கு அந்தத் தொல்லை இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று: தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் கால்சியம் மாத்திரை. நுரைக்காக அதில் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பார்கள். ஒரு மாத்திரையில் சில நூறு மி.கி. சோடியம் இருக்கலாம், அட்டையைப் படியுங்கள்.

ஒரேயடியாகக் குறைத்தால் நாக்கு ஒத்துழைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறையுங்கள். உப்பில் ஒரு பகுதியைச் சமையலின் கடைசியில் மேலே தூவினால் குறைந்த உப்பிலேயே நாக்குக்கு எட்டும். பொட்டாசியம் கலந்த "லோ சோடியம்" உப்பை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரைக்காரர்களும் தொடவே வேண்டாம்.

நிலாமுற்றம்:
நன்றி. 24 மணி நேர சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் இன்று வந்தது: அளவு 750 மி.லி., சோடியம் 104 மில்லிமோல், கால்சியம் 138 மி.கி., கிரியேட்டினின் 480 மி.கி. சோடியத்தை உப்பாக்கினால் 6 கிராம்தானே? அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையா?

வடிகட்டி:
பெருக்கல் சரிதான்: ஒரு மில்லிமோல் உப்பு 58.5 மி.கி., ஆக 104 × 58.5 மி.கி. = 6.1 கிராம். ஆனால் கிரியேட்டினினைப் பாருங்கள். அது தசையிலிருந்து வரும் கழிவு, தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் போகும். 60 கிலோவுக்கு 480 என்றால் கிலோவுக்கு 8 மி.கி. இந்த வயதில் இது 13 அல்லது 14 பக்கம் எதிர்பார்க்கலாம். 750 மி.லி. என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முழுச் சிறுநீரும் கேனுக்குள் வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. கிரியேட்டினின் 800 வந்திருக்க வேண்டும் என்று வைத்துக் கணக்கிட்டால் சோடியம் 173, அதாவது 10 கிராம் உப்பு, கால்சியம் 230. இது உத்தேசம்தான், இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மறுபடி எடுங்கள்.

காலை 6 மணிக்குப் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அதன் பிறகு ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள். மறுநாள் காலை 6 மணிச் சிறுநீரும் கேனுக்குள்தான். பலரும் இதைக் கொட்டிவிடுவார்கள். மலம் கழிக்கப் போகும்போது முதலில் சிறுநீரைத் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அதிகம் தவறுவது அங்கேதான். கேனுக்குள் ஆசிட் ஊற்றித் தந்திருந்தால் நேராக அதில் போகாமல், வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றுங்கள். அந்த நாளுக்காக உப்பைக் குறைக்காமல் வழக்கமான சாப்பாடே இருக்கட்டும்.

எதிர்வாதி:
இரண்டாவது முறை சிறுநீர்க் கால்சியம் 250 மி.கி.-ஐத் தாண்டினால் மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ரத்தக் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உப்பைக் குறைத்த பிறகும் சிறுநீர்க் கால்சியம் இறங்காவிட்டால் காரணம் உப்பு அல்ல.