இங்கிலீஷ் கிராமர்ல "இஃப்" வாக்கியத்துக்கு சொல்லித்தர்ற மூணு டைப் டேபிளால யாருக்காவது பிரயோஜனம் இருக்கா?

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
போன வாரம் ஒரு கம்பெனி இன்டர்வியூல "வாட் வுட் யூ டூ இஃப் தி மெஷின் ஸ்டாப்ட்?"னு கேட்டாங்க, "மெஷின் நின்னா என்ன பண்ணுவ"ன்னு தான் அர்த்தம், நான் "ஸ்டாப்ட்"ங்கறத கேட்டு எங்கயோ மெஷின் நின்னுடுச்சு போலன்னு நெனச்சு "வென் சார்?"னு திருப்பி கேட்டுட்டேன், மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. பத்தாவதுல படிச்ச மூணு டைப் டேபிளை இப்பவும் மூச்சு விடாம ஒப்பிப்பேன். வாயில மட்டும் வர மாட்டேங்குது.

பாலக்கோடு டியூஷன் அக்கா:
தம்பி, குத்தம் டேபிள் மேல இல்ல. டைப் 1ல இஃப் பக்கம் ப்ரெசன்ட், அந்தப்பக்கம் வில். டைப் 2ல பாஸ்ட், வுட். டைப் 3ல ஹாட், வுட் ஹாவ். இது மனசுல நிக்காத பசங்க எல்லாம் "இஃப் ஐ வில் கம்"னு எழுதிட்டு வருதுங்க, திருத்தி திருத்தி கை வலிக்குது.

ராயக்கோட்டை தக்காளி:
அக்கா கோச்சுக்காதீங்க, தமிழ்லயே இது இருக்கே. "நாளைக்கு அவன் வந்தா"ன்னு தானே சொல்றோம், "வருவா"ங்கறத வெச்சு யாரும் சொல்றதில்லயே. நாளைக்கு நடக்கப்போறதுக்கு "வந்த"ங்கற முடிஞ்சுபோன காலத்த போடறோம், அதே மாதிரி தான் அந்த "ஸ்டாப்ட்"டும். மண்டில கிலோ அஞ்சு ரூபாய்க்கு கேக்கும்போது நான் "நூறு ரூபா வித்தா புது வண்டி எடுப்பேன்"னு சொல்வேன். வித்துட்டேன்னு யாராவது நெனைப்பாங்களா?

பாலக்கோடு டியூஷன் அக்கா:
அங்க தான் மாட்டிக்கறோம். "மழை பேஞ்சா வரமாட்டேன்", "நான் கலெக்டரா இருந்தா ரோடு போடுவேன்", ரெண்டுக்கும் நமக்கு ஒரே "ஆ" தான். இங்கிலீஷ்ல ரெண்டும் வேற, நடக்கக்கூடியதுக்கு டைப் 1, சும்மா கற்பனைக்கு டைப் 2. தமிழ நம்பி எழுதற பையன் "இஃப் ஐ ஆம் தி கலெக்டர்"னு எழுதுவான். "பேஞ்சிருந்தா"வுக்கு "ஹாட் ரெய்ன்ட்", அது ஒண்ணு தான் நேரா பொருந்துது.

ஒகேனக்கல் பரிசல்:
நான் டூரிஸ்ட்கிட்ட "இஃப் வாட்டர் ரைசஸ், போட் ஸ்டாப்ஸ்"னு சொல்வேன், எந்த டைப்புன்னு ஒருத்தனும் கேட்டதில்ல.

பாலக்கோடு டியூஷன் அக்கா:
அண்ணா, அதையே "ரோஸ், வுட் ஸ்டாப்"னு சொல்லிப் பாருங்க. இன்னிக்கு தண்ணி ஏறாதுன்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடும், அவங்க குழந்தைய தூக்கிட்டு ஏறி உக்காந்துடுவாங்க.

ஒகேனக்கல் பரிசல்:
அட ஆமா.

டேம் ரோட்டுக்காரன்:
சரி அக்கா, 2004ல கிருஷ்ணகிரிய தனி மாவட்டமா பிரிக்காம இருந்திருந்தா ஓசூர்க்காரன் இன்னிக்கும் கலெக்டர் ஆபீசுக்கு தர்மபுரிக்கு பஸ் ஏறிகிட்டு இருப்பான். இது உங்க டேபிள்ல எந்த கட்டம்? இஃப் பக்கம் "ஹாட் நாட் பீன்", அந்தப்பக்கம் வெறும் "வுட் பி". ஒரு காலு மூணுல, ஒரு காலு ரெண்டுல.

பாலக்கோடு டியூஷன் அக்கா:
அதுக்கு மிக்ஸ்டுன்னு பேரு. நான் நடத்தறதில்ல, பரீட்சையில கேக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன், ஒத்துக்கறேன்.

ராயக்கோட்டை தக்காளி:
அப்ப கட்டம் எதுக்குங்கா? நடக்குமா நடக்காதா, இப்பவா அப்பவான்னு ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா கேட்டுக்கிட்டா போதுமே.

பாலக்கோடு டியூஷன் அக்கா:
முப்பத்தஞ்சு பசங்கள உக்கார வெச்சு அப்படி நடத்திப் பாருங்க, அப்புறம் பேசலாம். மொத வருஷம் கட்டம் வேணும்ங்க.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
சண்டைய அப்புறம் வெச்சுக்கோங்க. திரும்ப கூப்பிட்டா என்ன பண்றதுன்னு வீட்ல பேசிட்டு இருக்கோம். இப்ப நான் "இஃப் தே கால் மீ"ன்னு சொல்லணுமா, "கால்டு மீ"ன்னு சொல்லணுமா?

பாலக்கோடு டியூஷன் அக்கா:
கூப்பிடுவாங்கன்னு நம்பிக்கை இருந்தா "கால்", தம்பி.

ஓசூர் நைட்ஷிஃப்ட்:
அப்ப "கால்டு" தான்க்கா.