டேப் கீ தட்டினால் ஃபோகஸ் அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது: அம்புக்குறிக்குப் பக்கம் திரும்பலாமா?

மழைமேகம்:
ஆண்ட்ராய்டு செயலி, வியூபேஜர்2-இல் (பக்கங்களை விரலால் தள்ளித் திருப்ப வைக்கும் கூறு) மூன்று பக்கம். டேப்லெட்டில் புளூடூத் கீபோர்டை இணைத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தின் கடைசி பட்டன் வரை டேப் ஒழுங்காகப் போகிறது. இன்னொரு தட்டு, ஃபோகஸ் கட்டத்தை, அதாவது விசை எதில் வேலை செய்யும் என்று காட்டும் கட்டத்தை, காணோம். சும்மா என்டர் அழுத்தினேன். கண்ணுக்கே தெரியாத இரண்டாம் பக்கத்து "நீக்கு" பட்டன் வேலை செய்துவிட்டது! ஆஃப்ஸ்கிரீன்பேஜ்லிமிட் 1 வைத்திருக்கிறேன், அதாவது திரைக்கு வெளியே அடுத்த ஒரு பக்கமும் தயாராக நிற்கும்.

பட்டன்_பாண்டி:
பக்கத்து வீட்டையும் திறந்து வைத்தால் ஃபோகஸ் உள்ளே போகத்தானே செய்யும். ஃபோகஸ் போன இடத்துக்குத் திரையை நகர்த்துவதை வியூபேஜர்2 வேண்டுமென்றே தடுத்திருக்கிறது, பக்கம் மாற்ற நிரலில் செட்கரன்ட்ஐட்டம் அழைப்புதான் வழி. பழைய வியூபேஜர் இப்போதைய பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் ஃபோகஸுக்குக் கொடுக்கும். ஓரத்தில் வலது அம்பு அழுத்தினால் பக்கமும் திரும்பும். அதையே நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். கீபோர்டுக்காரருக்கு அம்புதான் விரல்.

கடலோரம்:
பாண்டி அண்ணே, அந்தப் பழைய பழக்கத்தால் நான் பட்ட பாடு! முகவரிப் பெட்டியில் தட்டச்சு செய்கிறேன், கர்சர் கடைசி எழுத்தில். வலது அம்பை ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால் பக்கமே போய்விடும். எழுதுகிறவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. பக்கம் மாற்ற, பக்கங்களின் பெயர்கள் மேலே வரிசையாக நிற்கும் தலைப்புப் பட்டை இருக்கிறது, அது போதும். அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யின் 3.2.1 விதியையும் பாருங்கள்.

பட்டன்_பாண்டி:
3.2.1 சொல்வது, ஃபோகஸ் வந்து நின்றதாலேயே சூழல் மாறக்கூடாது என்பது. இங்கே ஆள் விசையை அழுத்துகிறார், அது வேறு. டிவியை யோசித்தீர்களா? ரிமோட்டில் திசைக்கு நாலு பொத்தான். பன்னிரண்டாவது வரிசையில் இருக்கிறவர் தலைப்புப் பட்டைக்குப் போகப் பதினோரு வரிசை ஏறணுமா?

கடலோரம்:
டிவிக்குச் சரி, விட்டுக்கொடுக்கிறேன். அங்கே நீளமாகத் தட்டச்சு செய்கிறவர் யார்? கேள்வி டேப்லெட்டைப் பற்றியது.

பட்டன்_பாண்டி:
அப்படியானால் ஆல்ட்டோடு அம்பு. பழைய வியூபேஜரில் அதுவும் உண்டு, நேராகப் பக்கம் திரும்பும்.

கடலோரம்:
இருப்பது யாருக்குத் தெரியும்? கூடுதலாக வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை மட்டுமே நம்பவேண்டாம் என்கிறேன்.

மழைமேகம்:
இரண்டு பேருக்கும் நன்றி. பக்கம் மாறும்போது மற்ற பக்கங்களுக்கு ஃபோகஸ்_பிளாக்_டிசென்டன்ட்ஸ் (உள்ளே இருப்பவற்றுக்கு ஃபோகஸ் போகாமல் தடுப்பது) போட்டேன். டேப் இப்போது வெளியே ஓடுவதில்லை. ஆனால் விரலால் தள்ளினால், ஏற்கெனவே பழைய பக்கத்தில் இருந்த ஃபோகஸ் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதனால் புதுப் பக்கத்து முதல் பட்டனுக்கு ரிக்வெஸ்ட்ஃபோகஸ் கொடுத்து ஃபோகஸை அங்கே இழுத்துவிட்டேன்.

கடலோரம்:
எப்போதுமா? தலைப்புப் பட்டையில் நின்று அம்பை அழுத்திப் பாருங்கள். அம்புக்கே பக்கம் மாறும் பட்டை என்றால், இரண்டாவது தலைப்புக்கு வந்ததும் உங்கள் நிரல் ஃபோகஸைப் பிடுங்கிப் பக்கத்துக்குள் போட்டுவிடும். மூன்றாவதுக்குப் போகவே முடியாது.

மழைமேகம்:
ஐயோ, அப்படியேதான் ஆகிறது. பழைய பக்கத்துக்குள் ஃபோகஸ் இருந்தால் மட்டும் நகர்த்து என்று ஒரு ஹேஸ்ஃபோகஸ் சோதனை சேர்த்தேன், பட்டையில் இப்போது மூன்றாவது தலைப்பு வரை போக முடிகிறது. அம்புக்குப் பக்கம் திருப்புவதை வைக்கவில்லை. ஆல்ட் வைத்திருக்கிறேன், பாண்டி அண்ணனுக்காக.

பட்டன்_பாண்டி:
டிவிக்குப் போடும்போது இதே இழைக்குத் திரும்பி வருவீர்கள், பார்க்கலாம்.