புரோபாக்ஸ் ஓடினால் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் கொதிக்கிறது: வழி சொல்லுங்கள்

தாம்வே புரோபாக்ஸ்:
அண்ணன்மாருக்கு வணக்கம். ரங்கூன், தாம்வே பக்கம் இருக்கிறேன். வண்டி டொயோட்டா புரோபாக்ஸ், 2008 மாடல், 1500 சிசி 1என்இசட் எஞ்சின், ஆட்டோ கியர். அப்பா டாக்சி ஓட்டிய வண்டி. அவர் கைபட்ட வண்டி என்பதால் விற்க மனசில்லை.

பத்து நாளாக ஒரே தொல்லை. எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ரீடரைச் செருகி, எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் போனில் பார்க்கிறேன். ரோடு காலியாக இருந்தால் 86, 88 டிகிரியில் நிற்கிறது. லேடான் சந்திப்பில் மாட்டினால் 100, 104 என்று ஏறிக்கொண்டே போகிறது. நேற்று பெட்ரோல் வரிசையில் ஏசியோடு நின்றபோது 109. பயந்துபோய் அணைத்துவிட்டேன். வரிசை நகர நகர நானும் என் மச்சானும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம்.

வீட்டுக்குப் பக்கத்து வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறி, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? அதிலும் கேட்காவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை பெகுவுக்குக் கூட்டிப் போக வேண்டும். கழற்றலாமா?

சிரியம் சக்கரம்:
தம்பி, கழற்றாதே. என் பழைய வண்டியில் கழற்றிவிட்டு ஆறு மாதம் ஓட்டினேன். பெட்ரோல் குடித்துத் தீர்த்தது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால், இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

மோல்மீன் மார்க் டூ:
நான் அப்போதே சொன்னேன், டொயோட்டா மார்க் டூ வாங்கு என்று. எங்கள் வண்டியில் ஃபேன் எஞ்சின் பெல்ட்டிலேயே சுற்றும். எஞ்சின் ஓடினால் ஃபேனும் ஓடும். உங்கள் புரோபாக்ஸில் கரண்ட் வந்தால்தான் காற்று.

சிரியம் சக்கரம்:
மார்க் டூ குடிக்கிற பெட்ரோலுக்கு வரிசையில் இரண்டு தடவை நிற்கணுமே அண்ணே.

மோல்மீன் மார்க் டூ:
நிற்கிறேன். அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்காக நிற்கிறேன்.

பெகு மெக்கானிக்:
தம்பி, ஹெட்டை யாரும் தொட வேண்டாம். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல். ஏசியை அணைத்துவிட்டு நின்றாலும் ஏறுகிறதா? நிற்கும்போது ஏசியின் குளிர்ச்சி குறைந்து, ஓடியதும் மறுபடி குளிர்கிறதா? காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் வாய்வரை நிற்கிறதா?

சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதே. எத்தனை சுற்றுத் துணி போட்டாலும் தொடாதே. என் இடது முழங்கையில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது.

தாம்வே புரோபாக்ஸ்:
ஏசி அணைத்தால் ஏறுகிறது, ஆனால் மெதுவாக. தண்ணீர் வாய்வரை இருக்கிறது, எண்ணெய்ப் படலம் எதுவும் இல்லை. அண்ணே, இரண்டாவது கேள்வி ஆச்சரியமாக இருக்கிறது! அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், "சிக்னல்ல நின்னா காத்து வெக்கையா வருதுப்பா" என்று. ஏசி கேஸ் குறைந்திருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

பெகு மெக்கானிக்:
அப்படியானால் அம்மாதான் முதலில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முன்னால் கிரில்லுக்குப் பின்னே ஏசியின் கண்டென்சர், அதை ஒட்டி ரேடியேட்டர், அதற்குப் பின்னால் ஃபேன். காரின் உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் கண்டென்சர் கொண்டுவந்து ரேடியேட்டரின் முகத்தில் கொட்டுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இரண்டையும் ஆற்றிவிடும். நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஃபேன் சோர்ந்தால் ஏசியும் சுடும், எஞ்சினும் சுடும், இரண்டும் ஒரே நேரத்தில். உனக்கு நடப்பது அதுதான். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ வாட்டர் பம்ப் போயிருந்தாலோ, ரோட்டில் வேகமாகப் போகும்போதும் மேட்டில் ஏறும்போதும்தான் முதலில் ஏறும். ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு போயிருந்தால் தண்ணீர் குறையும், ரேடியேட்டரில் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப்புகை வரும். உனக்கு எதுவும் இல்லை.

இந்த மாதம் ஏன் தொடங்கியது என்று கேட்பாய். ரேடியேட்டர் வெளியே விடுகிற சூடு, தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மார்கழியில் சோர்ந்த ஃபேனும் சமாளித்துவிடும். பர்மியப் புத்தாண்டான தின்ஜான் நெருங்குகிற வெயிலில் முடியாது. 2024 ஏப்ரல் 28-ஆம் தேதி சவுக் ஊரில் 48.2 டிகிரி அடித்ததே, அந்த வாரம் என் கடை வாசலில் பானெட் திறந்தபடி வரிசையாக வண்டிகள் நின்றன. முக்கால்வாசி ஃபேன்தான்.

இப்போது இதைச் செய். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடு. ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் அதன் சத்தத்தைக் கேள். நல்ல ஃபேன் இரைச்சலோடு சுற்றும், தள்ளி நின்று கை காட்டினால் எஞ்சின் பக்கமாகச் சூடான காற்று பலமாக அடிக்கும். சுற்றவில்லை என்றால் நீளமான மெல்லிய குச்சியால் இறக்கையை லேசாகத் தட்டிவிடு. தட்டியதும் எழுந்து சுற்றினால் மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையை உள்ளே விடாதே. லுங்கி, துண்டு எதுவும் பக்கத்தில் தொங்க வேண்டாம். சாவி போட்டிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் தானாக எழும்.

தாம்வே புரோபாக்ஸ்:
அண்ணே! ஏசி போட்டேன், சுற்றவில்லை. ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயின் கிளிக் சத்தம் கேட்கிறது. மூங்கில் குச்சியால் தட்டினேன், முனகிக்கொண்டே எழுந்தது. ஆனால் காற்று ரொம்ப மெலிசு. ஒரு காகிதத்தை கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன், ஒட்டவே இல்லை, கீழே விழுந்தது.

சிரியம் சக்கரம்:
அடி சக்கை!

பெகு மெக்கானிக்:
ரிலே நன்றாக இருக்கிறது, மோட்டார் போய்விட்டது. ஜப்பான் பழைய சாமான் கடையில் அதே மாடல் ஃபேன் கேள். நம் ஊரில் புரோபாக்ஸ் டாக்சிகள் நிறைய என்பதால் சாமான் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே பேட்டரியில் வைத்துச் சுற்றிப் பார். தேய்ந்த மோட்டாருக்குப் பதில் இன்னொரு தேய்ந்த மோட்டாரைத் தலையில் கட்டிவிடுவார்கள். இறக்கையைக் கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுலபமாகச் சுற்ற வேண்டும்.

ஃபேனைக் கழற்றும்போது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார். காகிதம் ஒட்டாததற்கு மோட்டார் மட்டும் காரணமாக இருக்காது.

மோல்மீன் மார்க் டூ:
தண்ணீர் என்ன ஊற்றுகிறாய் தம்பி? குழாய்க்கிணற்றுத் தண்ணீரா?

தாம்வே புரோபாக்ஸ்:
ஆமாம் அண்ணே. அப்பா காலத்திலிருந்து அதுதான்.

மோல்மீன் மார்க் டூ:
அதையும் கையோடு மாற்றிவிடு. அந்தத் தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே உப்புப் படிந்து, குழாய்கள் கெண்டிவாயில் பிடித்த காரை மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் தண்ணீர் பனியாக உறையாதே, தண்ணீருக்குப் பதில் ஊற்றுகிற கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துரு பிடிக்காமல் இருக்கவும், சீக்கிரம் கொதிக்காமல் இருக்கவும் அது வேண்டும். டொயோட்டாவின் ரோஸ் நிறக் கூலன்ட் தண்ணீர் கலந்தே வருகிறது, அப்படியே ஊற்றலாம். பச்சையோடு கலக்காதே. கைக்கு எட்டவில்லை என்றால் பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டராவது ஊற்று, பிறகு கூலன்ட் போடு.

பெகு மெக்கானிக்:
நல்லது சொன்னீர்கள். அப்புறம் மூடி. ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை தம்பி. அதன் மேல் 1.1 அல்லது 0.9 என்று போட்டிருக்கும், அவ்வளவு அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைக்கும். 1.1 மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் கெட்டியாகிவிட்டால் 100-லேயே கொதித்து வெளியே தள்ளும். பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்ணில் புதிது வாங்கு.

வழியில் ஏறினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏசியை அணை, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனை முழு வேகத்தில் போடு, கண்ணாடியை இறக்கு. ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஐந்து, ஆறு டிகிரி இறங்கும். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் ஹெட் பிழைக்கும்.

தாம்வே புரோபாக்ஸ்:
இரண்டு நாளில் வேலை முடிந்தது, எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

ஃபேனை எடுத்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு விரல் கனத்துக்கு ஒரு போர்வை! களிமண், ஈசல் இறக்கை, கோழித் தூவல், ஒரு பிளாஸ்டிக் பையின் துண்டு, எல்லாம் எண்ணெயில் ஊறி ஒட்டிப்போய் இருந்தது. மச்சான் பெயின்ட் பிரஷால் வருடி எடுத்தான், நான் ஃபேன் பக்கத்திலிருந்து மெல்லிய குழாய்த் தண்ணீர் விட்டேன். பம்ப் வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும் என்று சாமான் கடை சயா (பெரியவர்) எச்சரித்திருந்தார். முதல் வாளி பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தது. ஏழாவது வாளிதான் தெளிந்தது.

பழைய மோட்டாரைப் பிரித்தும் பார்த்தேன். கார்பன் பிரஷ் ஒன்று பட்டாணிக் கடலை அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. அப்பா எத்தனை நாள் ஷ்வேடகோன் பகோடா வாசலில் பயணிகளுக்காக ஏசி போட்டுக் காத்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

புது மூடி, ரோஸ் கூலன்ட், கடையில் பேட்டரியில் சுற்றிப் பார்த்து வாங்கிய ஃபேன். தெர்மோஸ்டாட்டைத் தொடவே இல்லை. இன்று மத்தியானம் லேடானில் வேண்டுமென்றே போய் இருபது நிமிஷம் ஏசியோடு நின்றேன். ஃபேன் இரைந்துகொண்டே சுற்றியது, சூடு 95-ஐத் தாண்டவில்லை. காகிதம் கிரில்லில் பசை போட்ட மாதிரி ஒட்டுகிறது. அம்மா பின் சீட்டில் தூங்கிவிட்டார்கள்.

சிரியம் சக்கரம்:
வாழ்த்துகள் தம்பி! அந்த ஜப்பான் பெண் குரல் இன்னும் பேசுகிறதா? "ஈ டி சி கார்டோ கா" என்று?

தாம்வே புரோபாக்ஸ்:
தினமும் காலையில் பேசுகிறது. சுங்கக் கார்டு செருகவில்லை என்று சொல்கிறதாம். அப்பா அதற்கு "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கியர் போடுவார். அதைக் கழற்ற மாட்டேன்.

பெகு மெக்கானிக்:
கழற்றாதே. ஞாயிற்றுக்கிழமை வரும்போது லாரியை முந்தாதே. நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம், ரோடும் வலது பக்கம். முன்னால் போகும் லாரி மறைத்துவிடும், எதிரே வருவது உன் கண்ணுக்குத் தெரியாது. மச்சானை இடது சீட்டில் உட்காரவை, அவன் "வா" என்றால் மட்டும் வா.

புதுக் கூலன்ட் ஊற்றினால் உள்ளே காற்றுக் குமிழி நிற்கும். பெகு வந்து இரவு தங்கி, திங்கட்கிழமை காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற கூலன்ட் டப்பாவின் அளவைப் பார். கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தால் மேல்கோடு வரை ஊற்று. பாட்டிலில் மீதி கூலன்ட் இருந்தால் கையோடு கொண்டு வா.

தாம்வே புரோபாக்ஸ்:
அரை பாட்டில் இருக்கிறது அண்ணே. டிக்கியில் வைத்துவிட்டேன்.