வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: வட்டில் இடம் உண்டாக்குவதற்கு

அனுப்பியவர்: வகுப்பு டீச்சர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நடக்கும் மாலைக் கணினி வகுப்புக்கு ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்கடையில் கொடுத்தாக வேண்டும். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அம்மாக்கள். மீதிப்பேர் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள்.

பெட்டிகள் எல்லாம் பழசு. 320 ஜிபி வன்வட்டு, சி டிரைவில் சிவப்புக் கோடு. விண்டோஸ் 10 ஓடுகிறது. அதற்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. புதிது வாங்கக் காசு இல்லை. ஆகவே இருக்கிற வட்டில் இடம் உண்டாக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அடுத்த பாடம்.

கோப்பு, கோப்புறை, அழி, மறுசுழற்சித் தொட்டி எல்லாம் வகுப்பில் பழகிவிட்டன. பாடத்தின் தலைப்புக்குத்தான் சொல் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் ‘டிஸ்க் கிளீனப்’, மலாயில் ‘பெம்பெர்சிஹான் சாக்கெரா’ என்று முடித்துவிடுகிறார்கள். நான் ‘வட்டில் உள்ள தேவையற்றவற்றை நீக்கி இடம் ஏற்படுத்துதல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தலைப்பு இரண்டு வரி ஓடுகிறது. சுருக்கமாக ஒன்று கொடுங்கள்.


அனுப்பியவர்: கடைத்தம்பி

> வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

எத்தனை வெள்ளிக்குள் டீச்சர், காசைத்தானே சொல்கிறீர்கள்? இலவசமாகவே தருகிறேன்: காலி. என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் “தம்பி, கொஞ்சம் இடம் காலி பண்ணிக் குடு” என்றுதான் கேட்கிறார்கள். ‘இடம் காலி செய்தல்’ என்று போட்டால் வகுப்பில் ஒருவரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

தலைப்பைவிட வரிசை முக்கியம். முதலில் பதிவிறக்கக் கோப்புறை. அளவு வாரியாக அடுக்கினால் மேலே நிற்பதெல்லாம் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாண வீடியோவாக இருக்கும். அப்புறம் தொட்டி. அழித்த கோப்பு தொட்டிக்குள் போனாலே இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தொட்டியைக் கொட்டினால்தான் கிடைக்கும். அதன் பிறகு விண்டோஸிலேயே இருக்கிற கருவி. அதில் கணினியின் சொந்தக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதிப்பு மாறியபோது ஒதுக்கி வைத்த பழைய விண்டோஸ் பல ஜிபிக்குக் கிடக்கும். பத்து நாளில் அதுவாகவே போக வேண்டியது. போகாமல் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உறக்கக் கோப்பு ஒன்று இருக்கிறது. கணினி ஆழ்ந்து உறங்கப் போகும்போது திறந்திருக்கும் வேலையை எழுதி வைக்கும் கோப்பு அது. ரேமின் அளவைப் பொறுத்து ஒன்றிரண்டு ஜிபி பிடிக்கும். மேசைக் கணினிக்கு அது தேவையே இல்லை, நிறுத்திவிடலாம்.


அனுப்பியவர்: தமிழய்யா

டீச்சருக்கு வாழ்த்து. ‘காலி’ அரபுச் சொல், உருது வழியாக வந்தது. சொந்த வீட்டில் இருக்கும் பாத்திரத்தை விட்டுவிட்டு இரவல் வாங்குவானேன்?

வேண்டாததை எடுத்து வேண்டியதற்கு இடம் தருவதைத் தமிழன் வயலில் செய்து பெயரும் வைத்துவிட்டான். ‘ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின் நீரினும் நன்றதன் காப்பு’ (குறள் 1038). இந்தக் ‘கட்டபின்’ கயிற்றால் கட்டியபின் அன்று, களை எடுத்தபின். ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ (550) என்பதிலும் அதே வினைதான். கள் என்பது வேர். கட்டல் என்றால் பிடுங்கி எடுத்தல். இன்றைய காதுக்குக் ‘கட்டல்’ வீடு கட்டுவதாகப் படும் என்பதால் ‘களைவு’ என்று கொள்ளலாம். ஆகவே ‘வட்டுக்களைவு’.

இதே வேரிலிருந்து களம் வருகிறது என்பது என் நெடுநாள் எண்ணம். களைந்து வெளியாக்கிய இடம்தானே களம்? களவும் அப்படித்தான், பிறர் பொருளை அவரிடமிருந்து களைவது. கள்வன், களர், களிறு ஆகியவற்றைத் தனி மடலில் எழுதுகிறேன்.


அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்

களிறு வரைக்கும் போக வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

‘வட்டுக்களைவு’ என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘வட்டுக்களை’ வரைக்கும் படிப்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளை என்றுதான் நினைப்பார். கடைசி ‘வு’ அச்சுப்பிழையாகத் தெரியும்.

இன்னொன்று. டீச்சர் கேட்பது ஒரு சொல், ஆனால் அங்கே இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று குப்பையை எடுப்பது, அது கருவியின் வேலை. மற்றது இடம் திரும்பக் கிடைப்பது, அது பலன். ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி வன்வட்டில் உள்ள அந்த எழுத்துகளைத் துடைப்பதில்லை. பட்டியலில் அந்த இடத்தைப் ‘பிறருக்குக் கொடுக்கலாம்’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தோட்டத்தில் செக்ரோலில் (ஆட்களின் பெயர்ப் பதிவேட்டில்) பெயரை அடித்த பிறகும் அடுத்த குடும்பம் வரும்வரை பழைய சாமான் வீட்டிலேயே கிடப்பது போல. தவறாக அழித்ததைச் சில மென்பொருள்கள் மீட்டுத் தருவது இதனால்தான். எனவே ‘விடுவித்தல்’ என்பதே சரியான வினை. இடம் விடுவிப்பு, அல்லது இடமீட்பு.


அனுப்பியவர்: தமிழய்யா

விடுவிப்பு சிறையிலிருந்து. மீட்பு அடகுக்கடையிலிருந்து.

களைவு பிடிக்கவில்லை என்றால் நன்னூலாரைக் கேளுங்கள். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே.’ வன்வட்டுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. பழையன கழிந்தால்தான் புதியன புகும். கழிப்பு என்று வைக்கலாம்.


அனுப்பியவர்: கடைத்தம்பி

ஐயா, ‘வட்டுக் கழிப்பு’ என்று பலகையில் எழுதினால் பின்வரிசைப் பிள்ளைகள் அந்த மாதம் முழுக்கச் சிரிப்பார்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கையைத் தூக்குவார்கள்.


அனுப்பியவர்: கோவையிலிருந்து ஒருவர்

வணக்கம். நாங்கள் வன்தட்டு என்கிறோம், நீங்கள் வன்வட்டு என்கிறீர்கள். முதலில் அதை ஒன்றாக்கினால் நல்லது.


அனுப்பியவர்: தமிழய்யா

தட்டில் சோறு போடலாம். சுழலுவது வட்டு. மலாய்க்காரர்கூட ‘சாக்கெரா’ என்று சக்கரத்தைத்தான் எடுத்திருக்கிறார், ‘பிங்கான்’ என்று தட்டை எடுக்கவில்லை.


அனுப்பியவர்: பழைய கிராணி

தம்பி, டீச்சர், ஐயா, எல்லோருக்கும் வணக்கம். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவன். இலக்கணம் ஐயா அளவுக்குத் தெரியாது. ஆனால் ‘காலி’ வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு காரணம் இருக்கிறது.

தோட்டம் கைமாறி, மரத்தைத் தள்ளிவிட்டு வீட்டுமனை போட வந்தபோது, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்த நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். ‘வீட்டைக் காலி செய்யவும்’ என்று எழுதினேன். கதவு கதவாக ஒட்டியதும் நான்தான். டீச்சர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் சிலர் அந்த வீடுகளில் இருந்தவர்கள். கணினி ஒவ்வொரு தடவையும் ‘காலி செய்’ என்று கேட்பதை நான் விரும்பவில்லை. இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே காரணத்துக்காக ‘ஒழிப்பு’ என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். ‘வீட்டை ஒழிச்சுக் குடு’ என்பதும் நாங்கள் கேட்டதுதான். பிள்ளைகளுக்கோ ஒழிப்பு என்றால் கொசு.


அனுப்பியவர்: கடைத்தம்பி

புரிகிறது அண்ணே. காலியை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கடையில் சொல்வதை மாற்ற முடியாது, கையேட்டில் வேண்டாம்.

வேறு ஒரு கோணம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். உயிர்மெய்யில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. அந்தக் கணக்கில் காலி 12 பைட், களைவு 15, இடமீட்பு 24, துப்புரவு 27. இடம் மிச்சம்பிடிக்க வந்த சொல்லே இடத்தைத் தின்கிறது!


அனுப்பியவர்: வகுப்பு டீச்சர்

பைட் கணக்கு வந்ததால் ஒரு கேள்வி. இந்தப் பெட்டிகளில் முரசு அஞ்சல் என்ற பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் காலத்து ஆவணங்கள் நிறைய இருக்கின்றன. பள்ளி வாரியக் கூட்டக் குறிப்பு, பொங்கல் விழா அழைப்பிதழ், இப்படி. திறந்தால் ஒரே கிறுக்கல். இவற்றைத்தான் முதலில் அழிக்கலாமா?


அனுப்பியவர்: கடைத்தம்பி

வேண்டவே வேண்டாம் டீச்சர். அவை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கும், அல்லது அதற்கும் முந்தைய எழுத்துருவில். யூனிகோடுக்கு மாற்றலாம், மாற்றிகள் இருக்கின்றன. அழித்தாலும் பெரிதாக இடம் மிச்சமாகாது. எழுத்து மட்டுமுள்ள ஒரு பக்கம் சில கிலோபைட்தான். அந்தக் குறிப்புகள் மொத்தமும் சேர்ந்து ஒரு கல்யாண வீடியோவுக்கு ஈடாகாது. ஆவணத்தைத் தொடாதே, வீடியோவைத் தொடு என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: 320 என்று ஒட்டியிருக்கிறது, கணினி 298 என்று காட்டுகிறதே, மீதி எங்கே? யாரும் எடுக்கவில்லை. வட்டு செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.


அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்

கையேட்டில் ‘துண்டாடல் நீக்கம்’ என்று ஒரு படி இருக்கிறதாமே? சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவதற்கு அது நல்ல சொல்தான். ஆனால் அதனால் இடம் கூடாது, பழைய சுழலும் வட்டு கொஞ்சம் வேகமாகப் படிக்கும், அவ்வளவுதான். இந்தப் பாடத்திலிருந்து அதை எடுத்துவிடலாம்.


அனுப்பியவர்: பழைய கிராணி

பாடத்திலிருந்து எடுத்தாலும் அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். துண்டாடல் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. வாங்கிய ஆள் பத்து ஏக்கரை வைத்துக்கொண்டு யாருக்கு வேலை கொடுப்பான்? அதைத் தடுக்கத்தான் நம் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த அமைச்சர் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி காசைச் சேர்த்துத் தோட்டத்தை வாங்கினார்கள். அதுதான் துண்டாடல் நீக்கம்! டீச்சர், அம்மாக்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம்.


அனுப்பியவர்: தமிழய்யா

கிராணியார் சொன்னது நெஞ்சைத் தொட்டது. ‘உறக்கக் கோப்பு’ பற்றி யாரும் கவலைப்படவில்லையே. ‘உறக்கம்’ ஏற்கெனவே சாதாரணத் தூக்கத்துக்குப் போய்விட்டது. இதன் ஆங்கிலப் பெயர் விலங்குகள் குளிர்காலத்தில் ஒடுங்குவதைச் சொல்கிறது. பேராக்கில் குளிர்காலம் ஏது? திருமால் பாற்கடலில் செய்வது அறிதுயில். உலகை அறிந்துகொண்டே துயில்வது. கணினியும் விட்ட வேலையை மறக்காமல்தானே எழுகிறது.


அனுப்பியவர்: வகுப்பு டீச்சர்

அறிதுயில் அழகாக இருக்கிறது ஐயா. அடுத்த கையேட்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.

தலைப்புக்கு வருவோம். என் அம்மாவிடம் கேட்டேன். “கோத்தோங் ரோயோங்ல எல்லாரும் சேர்ந்து வேலை செய்யுற மாதிரி கூட்டிப் பெருக்குறதுதானே? துப்புரவுன்னு போடு” என்றார். பள்ளிப் பலகைகளிலும் ‘துப்புரவுப் பணி’ என்றுதான் இருக்கிறது. கருவிக்கு ‘வட்டுத் துப்புரவு’, பலனுக்கு மொழிபெயர்ப்பாளர் சொன்ன ‘இடம் விடுவித்தல்’. மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.


அனுப்பியவர்: கடைத்தம்பி

சரி.


அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்

எனக்கும் சரி. ‘விடுவித்தல்’ உள்ளே இருந்தால் போதும்.


அனுப்பியவர்: பழைய கிராணி

சரி டீச்சர்.


அனுப்பியவர்: தமிழய்யா

எனக்குச் சரியில்லை.

‘துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி’ (263). ‘துப்புர வில்லார் துவரத் துறவாமை’ (1050). இரண்டு இடத்திலும் துப்புரவு என்றால் உண்ணவும் துய்க்கவும் வேண்டிய பொருள். வள்ளுவர் வழியில் பார்த்தால் ‘வட்டுத் துப்புரவு’ என்பது வட்டு உண்ணும் சாப்பாடு. துப்பார்க்குத் துப்பாய என்று மழையைச் சொன்னவரும் அவரே.


அனுப்பியவர்: கடைத்தம்பி

இரண்டாயிரம் வருஷத்தில் பொருள் மாறாதா ஐயா? ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியத்தைச் சொல்லி எங்கள் வாயை அடைத்ததே நீங்கள்தானே, பள்ளியில்.


அனுப்பியவர்: வகுப்பு டீச்சர்

அச்சுக்கடையில் கொடுத்துவிட்டேன். வட்டுத் துப்புரவு, ‘த்’ போட்டு. அனைவருக்கும் நன்றி. அடுத்த பாடத்துக்கு உலாவியின் ‘கேஷ்’ வருகிறது, பார்த்த பக்கங்களை அது எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். பதுக்கம், தேக்கம் என இரண்டு கைவசம் இருக்கின்றன. நாளை புது மடலாகத் தொடங்குகிறேன்.


அனுப்பியவர்: தமிழய்யா

பதுக்கம் கள்ளச்சந்தைக்காரனுடையது. அதைப் பிறகு பார்க்கலாம். இந்த மடலை மூடுமுன், ஒருவர் உடன்படவில்லை என்று பதிவில் இருக்கட்டும். ‘வட்டுக் களைவு’ என்று இடைவெளி விட்டு எழுதினால் மயக்கம் இல்லை. இரண்டாம் பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது போடவும்.